அறுந்த நரம்பும் வயிற்றுக் கிருமியும்

1. கரும்பு வயலில் ஒரு காலை

கரும்பு வெட்டு நடக்கும் காலம். விடியற்காலைப் பனி இன்னும் விலகவில்லை. பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று வெட்டுகிறார்கள். இடது கை கரும்பைப் பிடிக்கும். வலது கை அரிவாளை வீசும். இதுதான் வேலை.

அந்த வரிசையில் ஓர் அண்ணன். அவருக்கு 35 வயது இருக்கும். பல ஆண்டுகளாகக் கரும்பு வெட்டுகிறார். அன்று கரும்பெல்லாம் ஈரம். அரிவாள் வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டில், சுண்டு விரல் பக்கமாக வெட்டு விழுந்தது.

இரத்தம் கொட்டியது. மேஸ்திரி ஓடி வந்தார். துவைத்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினார். கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். யாரும் சாணம் வைக்கவில்லை. காப்பித் தூளும் அப்பவில்லை. நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

சிஸ்டர் காயத்தைக் கழுவினார். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்தார்.

“அண்ணே, கண்ணை மூடிக்கோங்க. விரலைத் தொடுவேன். தெரியுதான்னு சொல்லுங்க.”

கட்டை விரலில் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் தெரிந்தது. நடு விரலிலும் தெரிந்தது. மோதிர விரலில் பாதிப் பக்கம்தான் தெரிந்தது. சுண்டு விரலில் ஒன்றுமே தெரியவில்லை.

“மரத்துக் கிடக்கு சிஸ்டர்” என்றார் அண்ணன்.

“நரம்பு வெட்டுப்பட்டிருக்கு அண்ணே. தோலை மட்டும் தைச்சாப் போதாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அறுந்த நரம்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். தனுர்வாயு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். காயம் சீழ் பிடிக்காமல் இருக்க 5 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

காயம் ஆறியது. தையல் பிரித்தார்கள். ஆனால் சுண்டு விரல் மரத்தே கிடந்தது. ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. விரல்களை அகல விரிக்க முடியவில்லை. எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.

மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை. அடுத்த வெட்டுக்கு இந்தக் கை உதவுமா? அண்ணனுக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

இது ஒரு மனிதரின் கதை மட்டும் அல்ல. அரிவாள், கண்ணாடி, இயந்திரம், சாலை விபத்து என்று எத்தனையோ வழியில் நரம்பு காயப்படுகிறது. அதனால் நாமும் தெரிந்து கொள்வோம்.

2. நரம்பு என்றால் எது?

நம் பேச்சில் பலவற்றை நரம்பு என்று சொல்கிறோம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது நரம்பு அல்ல. அது இரத்தக் குழாய். ‘நரம்பு ஊசி’ என்று சொல்கிறோமே, அதுவும் இரத்தக் குழாயில் போடும் ஊசிதான்.

மணிக்கட்டை மடக்கினால் கயிறு போல் எழும்பி நிற்பதையும் நரம்பு என்கிறோம். அதுவும் நரம்பு அல்ல. அது தசைநாண். தசையை எலும்போடு கட்டும் கயிறு.

அப்படியானால் உண்மையான நரம்பு எங்கே? அது உள்ளே இருக்கிறது. மின்சாரக் கம்பி போல் வேலை செய்கிறது. விரல் சூட்டில் பட்டால் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. ‘கையை எடு’ என்ற உத்தரவும் நரம்பு வழியாகத்தான் வருகிறது.

ஒரு நரம்பை எடுத்துப் பார்த்தால் அது ஒரு கட்டு. அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையையும் சுற்றி உறை இருக்கும். இழையின் வேர் முதுகுத் தண்டிலோ அதன் பக்கத்திலோ இருக்கும். அங்கிருந்து இழை நீண்டு விரல் நுனி வரை வரும். காலுக்குப் போகும் சில இழைகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்.

நரம்பு அறுந்தால் என்ன ஆகும்? கம்பி அறுந்தால் விளக்கு அணைவது போல, விரலுக்கு உணர்வு போய்விடும். அந்த நரம்பு இயக்கிய தசையும் வேலை செய்யாது.

3. நரம்பு மீண்டும் வளருமா?

வளரும். கை, கால்களில் உள்ள நரம்புக்கு அந்தச் சக்தி உண்டு. மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள இழைகள் இப்படி வளர்வதில்லை. அதனால்தான் முதுகுத் தண்டு அடிபட்டால் இவ்வளவு துன்பம்.

கை நரம்பு அறுந்தால், விரல் பக்கம் உள்ள துண்டு மெல்லச் சிதைந்து போகும். ஆனால் அதன் உறை காலிக் குழாய் போல மிச்சம் இருக்கும். வேர்ப் பக்கம் உள்ள முனை துளிர் விடும். அந்தத் துளிர் காலிக் குழாய்க்குள் நுழைந்து வளரும். பந்தலில் கொடி ஏறுவது போல. டாக்டர் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தது எதற்கு? துளிருக்கு வழி காட்டத்தான். தைக்காமல் விட்டால் துளிர் வழி தெரியாமல் சுருண்டு முடிச்சாகிவிடலாம்.

ஆனால் இந்தக் கொடி மிக மெதுவாக வளரும். ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு குண்டூசியின் கனம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம்.

அண்ணனின் வெட்டுக் காயத்திலிருந்து சுண்டு விரல் நுனி வரை 15 சென்டிமீட்டர்.
1 சென்டிமீட்டர் என்பது 10 மில்லிமீட்டர்.
15 சென்டிமீட்டர் என்பது 150 மில்லிமீட்டர்.
ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 150 நாள் ஆகும்.
அதாவது 5 மாதம்.

துளிர் விடத் தொடங்கவே சில வாரம் ஆகும். அதையும் சேர்த்தால் 6 மாதத்துக்குக் குறையாது. இரண்டு மாதத்தில் விரல் மரத்துக் கிடந்தால் பயப்பட வேண்டியதில்லை. துளிர் இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. வேலை இல்லாத தசை நாளுக்கு நாள் மெலியும். நரம்பு வந்து சேர ஒன்று, ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனால் தசை மீள்வது கடினம். கையில் வெட்டுப்பட்டால் விரல் நுனி பக்கம். தோளிலோ தொடையிலோ அடிபட்டால் போக வேண்டிய தூரம் அதிகம். ஆகவே நரம்பு கொஞ்சம் வேகமாக வளர்ந்தால் எத்தனையோ பேரின் கை, கால் பிழைக்கும். அதற்கு வழி உண்டா என்று பல நாட்டு விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

4. அண்ணன் செய்த இரண்டு காரியங்கள்

அண்ணனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. “காயம் உள்ளே ஆறவில்லை போலிருக்கு” என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையின் காலி அட்டை வீட்டில் இருந்தது. அதை மருந்துக் கடையில் காட்டினார். அதே மாத்திரை வாங்கினார். 5 நாள் தின்றார். குணம் இல்லை. இன்னும் 5 நாள் தின்றார். இப்படி நாலு முறை. வயிறு கெட்டது. பேதி ஆனது. கைக்காசும் கரைந்தது.

அப்போது பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு செய்தி சொன்னார். “செல்போனில் வந்துச்சு அண்ணே. பட்டினி கிடந்தா நரம்பு வளருமாம். லண்டன்ல கண்டுபிடிச்சிருக்காங்களாம்.”

அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி கிடந்தார். மூன்றாவது வாரம் கிணற்றடியில் மயங்கி விழுந்தார்.

அண்ணி பயந்து போனார். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினார்.

“சிஸ்டர், அவர் சொல்றது நெசமா? லண்டன்ல அப்படிக் கண்டுபிடிச்சாங்களா?”

“கண்டுபிடிச்சது நெசம்தான் அண்ணி. ஆனா உங்க வீட்டுக்காரர் அதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டார். அந்த ஆராய்ச்சி சொல்றது வேற.”

அந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அதைப் புரிந்துகொள்ள முதலில் நம் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும்.

5. வயிற்றுக்குள் ஒரு நாடு

கிருமி என்றதும் நமக்கு நோய்தான் நினைவு வரும். காலரா, காசநோய், டைபாய்டு எல்லாம் கிருமியால் வருகின்றன. ஆனால் எல்லாக் கிருமியும் கெட்டது அல்ல.

பாலுக்கு உறை ஊற்றுகிறோம். ஒரு கரண்டி மோரில் உள்ள கிருமிகள்தான் பாலைத் தயிராக்குகின்றன. இட்லி மாவைப் பொங்க வைப்பதும் கிருமிகள்தான். இந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பாக்டீரியா என்பார்கள்.

ஹாலந்து நாட்டில் லேவன்ஹூக் என்று ஒருவர் இருந்தார். அவர் துணி வியாபாரி. கல்லூரிப் படிப்புப் படிக்காதவர். தானே சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து உருப்பெருக்கி செய்தார். 1683-ஆம் ஆண்டு தன் பல்லில் படிந்த அழுக்கை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடுவதைக் கண்டார். மனித உடம்புக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன என்று உலகம் இப்படித்தான் அறிந்தது.

நம் உடம்பில் எத்தனை பாக்டீரியா இருக்கும்? 2016-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒரு மனிதனிடம் சுமார் 38 லட்சம் கோடி. இந்தியாவின் மக்கள் தொகை 140 கோடிக்கு மேல். அதைப் போல் ஏறக்குறைய 27 ஆயிரம் மடங்கு! அவ்வளவையும் சேர்த்து எடை போட்டால் சுமார் 200 கிராம்தான் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது.

இவை சும்மா குடியிருக்கவில்லை. வாடகை கொடுக்கின்றன. நமக்குச் செரிக்காத நாரைச் செரிக்கின்றன. சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. கெட்ட கிருமி வந்து இடம் பிடிக்காமல் தடுக்கின்றன. நாம் தின்பதில் மிச்சத்தைத் தின்று, பலவகைப் பொருள்களை வெளியே விடுகின்றன. அந்தப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகின்றன.

அப்படி ஒரு பொருள்தான் நம் கதைக்கு முக்கியம்.

6. லண்டனில் நடந்த ஆராய்ச்சி

இங்கிலாந்து நாட்டின் தலைநகர் லண்டன். அங்கே இம்பீரியல் கல்லூரி இருக்கிறது. சிமோனே டி ஜியோவான்னி என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். 2022-ஆம் ஆண்டு அதன் முடிவு ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது.

அவர்கள் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். மனிதர்களை வைத்து அல்ல. இதை நினைவில் வையுங்கள்.

எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு எப்போதும் தீனி உண்டு. இன்னொரு கூட்டத்துக்கு ஒரு நாள் தீனி, மறுநாள் பட்டினி. சில எலிகளுக்கு 10 நாள், சில எலிகளுக்கு 30 நாள் இப்படி நடந்தது. பிறகு எலிகளின் கால் நரம்பை இடுக்கியால் நசுக்கினார்கள். மூன்று நாளுக்குள் எடுத்துப் பார்த்தார்கள்.

பட்டினி இருந்த எலிகளின் நரம்பு இழை அதிகம் வளர்ந்திருந்தது. மற்ற எலிகளுக்கு 2 பங்கு வளர்ந்தால் இவற்றுக்கு 3 பங்கு.

ஏன்? விஞ்ஞானிகள் எலிகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். பட்டினி இருந்த எலிகளின் இரத்தத்தில் ஒரு பொருள் கூடியிருந்தது. அதன் பெயர் இண்டோல் புரோப்பியானிக் அமிலம். சுருக்கமாக ஐ.பி.ஏ. என்போம். இதை எலியின் உடம்பு தயாரிக்கவில்லை. குடலில் உள்ள பாக்டீரியா தயாரித்தது.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் கொஞ்சம் நீளம். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கிளாஸ்டிரிடியம் ஸ்போரோஜெனிஸ். இது எலியின் குடலிலும் இருக்கிறது, மனிதக் குடலிலும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனுர்வாயு வரவழைக்கும் கிருமியும் கிளாஸ்டிரிடியம் குடும்பம்தான். அது நரம்பைத் தாக்கி ஆளைக் கொல்லும். அதே குடும்பத்தில் பிறந்த இது நரம்புக்கு உதவுகிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று ஊரைக் கெடுக்கும், ஒன்று ஊருக்கு உழைக்கும் அல்லவா? அது போலத்தான்.

உண்மையில் பாக்டீரியாதான் காரணமா? விஞ்ஞானிகள் மேலும் சோதித்தார்கள்.

முதல் சோதனை: எலிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் செத்தன. ஐ.பி.ஏ. குறைந்தது. பட்டினி இருந்தும் பயன் இல்லை. நரம்பு வேகமாக வளரவில்லை.

இரண்டாவது சோதனை: சில எலிகளுக்கு ஐ.பி.ஏ. தயாரிக்கும் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். சில எலிகளுக்கு அதே பாக்டீரியாதான், ஆனால் ஐ.பி.ஏ. தயாரிக்க முடியாதபடி மாற்றிக் கொடுத்தார்கள். தயாரிக்கும் பாக்டீரியா உள்ள எலிகளுக்கு மட்டும் நரம்பு நன்றாக வளர்ந்தது.

மூன்றாவது சோதனை: பட்டினியே இல்லாத எலிகள். நரம்பு நசுங்கிய பிறகு அவற்றுக்கு ஐ.பி.ஏ. கொடுத்தார்கள். அவற்றுக்கும் நரம்பு நன்றாக வளர்ந்தது. காலில் உணர்வு சீக்கிரம் திரும்பியது.

இப்போது புரிகிறதா? நரம்பை வளர்த்தது வெறும் வயிறு அல்ல. வயிற்றுக்குள் இருந்த கிருமி.

ஐ.பி.ஏ. என்ன செய்கிறது? நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. அவை உடம்பின் காவலர்கள். அவற்றில் ஒரு வகையை ஐ.பி.ஏ. நரம்பின் வேர்ப் பக்கம் வரவழைக்கிறது. அவை அங்கே வந்து இழை வளர உதவுகின்றன. அந்தக் காவலர்களை வரவிடாமல் தடுத்தபோது ஐ.பி.ஏ. கொடுத்தும் பலன் இல்லை.

இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது. அங்கே முதுகுத் தண்டு காயப்பட்ட எலிகளைச் சோதித்தார்கள். காயத்துக்கு முன் கிருமிக்கொல்லி கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் கெடுத்த எலிகள் மற்ற எலிகளை விட மோசமாயின. நல்ல பாக்டீரியா கொடுத்த எலிகள் சற்று நன்றாகத் தேறின.

7. அப்படியானால் நாமும் பட்டினி கிடக்கலாமா?

அண்ணி இதையே கேட்டார். சிஸ்டர் சொன்ன பதில் இது.

“வேண்டாம் அண்ணி. எலி வேற, மனுஷன் வேற. எலிக்கு ஒரு நாள் பட்டினி நமக்குப் பல நாள் பட்டினி மாதிரி. அந்த எலிங்க கூண்டுல இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் வெயில்ல வேலை செய்யறவர். காயம்பட்ட உடம்பு ஆறணும்னா சோறு வேணும், பருப்பு வேணும்.”

இன்னும் சில வேறுபாடுகள் உண்டு. எலிகள் பட்டினி இருந்தது காயத்துக்கு முன்பு. அண்ணன் பட்டினி இருந்தது காயத்துக்குப் பின்பு. எலிகளின் நரம்பு நசுக்கப்பட்டது. அதன் உறை அறுபடவில்லை. அண்ணனின் நரம்போ இரண்டாக அறுந்தது.

சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், நோயாளிகள் எவரும் இப்படிச் செய்யக் கூடாது.

ஐ.பி.ஏ. மருந்து கடையில் கிடைக்குமா? மனிதரின் நரம்புக் காயத்துக்கு என்று அப்படி ஒரு மருந்து வரவில்லை. ‘நரம்பு வளர்க்கும் பொடி’ என்று யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் இன்று நமக்கு என்ன பயன்? இது ஒரு வழியைக் காட்டுகிறது. நாளை மருந்து வரலாம். அதுவரை இதில் ஒரு பாடம் இருக்கிறது. குடலில் உள்ள நண்பனைக் காரணம் இல்லாமல் கொல்லாதே!

8. சிவப்புக் கோடு

கிருமிக்கொல்லி மருந்து மிகப் பெரிய வரம். அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. அண்ணனின் காயம் சீழ் பிடிக்காமல் காத்ததும் அதுதான். அந்த முதல் 5 நாள் மாத்திரை அவசியம். டாக்டர் சொன்னபடி முழுதும் தின்ன வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

ஆனால் அதற்குப் பிறகு தின்ற நாலு சுற்று மாத்திரை? விரல் மரத்தது கிருமியால் அல்ல. நரம்பு அறுந்ததால். கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லி என்ன செய்யும்? அது நல்லது கெட்டது பார்க்காது. குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் கொல்லும். அதனால்தான் பேதி ஆனது. போன கிருமிகள் திரும்பக் குடியேறச் சில வாரம் ஆகும். சில நேரம் பல மாதம்கூட ஆகும்.

இன்னொரு கேடும் உண்டு. அடிக்கடி தின்றால் கெட்ட கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையான நோய் வரும்போது மருந்து வேலை செய்யாது.

சிஸ்டர் அந்த மாத்திரை அட்டையை அண்ணியின் கையில் கொடுத்தார்.

“அட்டையைத் திருப்பிப் பாருங்க. என்ன தெரியுது?”

“எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு சிஸ்டர். ஒரு சிவப்புக் கோடு இருக்கு.”

“அந்தக் கோட்டைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம் அண்ணி. சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதுன்னு அர்த்தம்.”

ஆம். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி நாடெங்கும் பிரசாரம் செய்தது. உங்கள் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு எதில் இருக்கிறது?

9. நரம்பு வளரும் வரை என்ன செய்வது?

சிஸ்டர் அண்ணனையும் அழைத்து வரச் சொன்னார். இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

மரத்த விரலைக் கண்ணால் காக்க வேண்டும். சூடு தெரியாது. ஆகவே அடுப்புச் சட்டியைத் துணி இல்லாமல் தொடக் கூடாது. பீடி விரலைச் சுட்டாலும் தெரியாது. தினமும் இரவு விரலைப் பார்க்க வேண்டும். கொப்புளமோ காயமோ இருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

விரல்களை மறு கையால் மெல்ல நீட்டி மடக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். நரம்பு வந்து சேர்ந்தாலும் விரல் மடங்காது. ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும்.

மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். பருப்பு, பயறு, கீரை, காய், கேழ்வரகு போன்றவை நல்லது. இவற்றில் உள்ள நார் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. பயறு, நிலக்கடலை, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் புரதம் உண்டு. ஐ.பி.ஏ. தயாரிக்கப் பாக்டீரியாவுக்கு வேண்டிய மூலப்பொருளும் புரதத்தில்தான் இருக்கிறது. இவற்றைத் தின்றால் நரம்பு ஓடி வளரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் காயம் ஆறும் உடம்புக்கு நல்ல உணவு வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

“நரம்பு வளருதான்னு எப்படித் தெரியும் சிஸ்டர்?” என்று கேட்டார் அண்ணன்.

சிஸ்டர் அவர் மணிக்கட்டைத் திருப்பினார். தழும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கைப் பக்கம் விரலால் மெல்லத் தட்டினார். அண்ணன் துள்ளினார். சுண்டு விரல் வரை சுரீர் என்று மின்சாரம் போல் ஓடியது.

“இந்த இடம் வரைக்கும் துளிர் வந்திருக்கு அண்ணே. அடுத்த மாசம் தட்டினால் இன்னும் ஓர் அங்குலம் தள்ளிச் சுரீர்னு இழுக்கணும். அப்படி நகர்ந்தால் வளருதுன்னு அர்த்தம்.”

அண்ணன் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அண்ணி நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதினார். மாதா மாதம் இருவரும் அளந்து எழுதினார்கள்.

10. ஏழாவது மாதம்

ஏழாவது மாதம் ஒரு மாலை. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று “ஆ!” என்று கையை உதறினார்.

“என்னங்க?” என்று அண்ணி ஓடி வந்தார்.

ஒரு கட்டெறும்பு. சுண்டு விரல் நுனியைக் கடித்திருந்தது.

அண்ணன் விரலையே பார்த்தார். வலித்தது. நன்றாக வலித்தது. அவர் சிரித்தார். அண்ணிக்குக் கண் கலங்கியது.

கையில் பழைய பலம் முழுதும் வரவில்லை. குளிர் நாளில் விரல் விறைக்கும். ஆனால் கரும்பைப் பிடிக்க முடிகிறது. சூடு தெரிகிறது, வலி தெரிகிறது. இப்போது அவர் இடது கைக்குத் தடித்த கையுறை போட்டுக்கொண்டுதான் வெட்டப் போகிறார்.

நினைவில் வையுங்கள்

வெட்டுக் காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விரல் மரத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நரம்பைத் தைப்பதானால் சீக்கிரம் தைப்பது நல்லது.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். பொறுமை வேண்டும், பயிற்சி வேண்டும்.

குடலில் உள்ள நல்ல கிருமிகள் நரம்பு வளர உதவுகின்றன என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். மனிதருக்கு மருந்து இனிமேல்தான் வர வேண்டும்.

சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். டாக்டர் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் எந்த வேலையில் கை, கால் அதிகம் வெட்டுப்படுகிறது? அதைத் தடுக்க என்ன செய்யலாம்?

2. ஒருவரின் முழங்கையில் நரம்பு அறுந்தது. அங்கிருந்து விரல் நுனி வரை 40 சென்டிமீட்டர். உணர்வு திரும்பச் சுமார் எத்தனை நாள் ஆகும்? கணக்குப் போடுங்கள்.

3. பக்கத்து வீட்டுத் தம்பி சொன்ன செய்தியில் எது உண்மை? எது பாதி உண்மை? செல்போனில் வரும் மருத்துவச் செய்தியை யாரிடம் கேட்டுத் தெளிவது?